நீண்ட முடியின் நுனி வறண்டு சொரசொரப்பாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு வரை முடி வளர்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "மேலே எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கீழே ஒரு சாண் மட்டும் கையில குத்துது." இந்தப் பக்கம் அந்த ஒரு சாணுக்காக மட்டும். முடி உதிர்வு, பொடுகு, நரை பற்றி இங்கே எதுவும் இல்லை. தலைக்குச் செய்வதையே நுனிக்கும் செய்வதால்தான் பெரும்பாலான தொல்லை வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

வேர்ப்பக்கம் மிருதுவாக இருக்கிறதே, நுனி மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

வயதுதான் காரணம். உங்கள் வயது இல்லை, முடியின் வயது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை வளரும். வருடத்துக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனி உங்கள் தலையிலிருந்து வெளியே வந்து ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி ஐந்து வருடத்தில் 500 முறைக்கு மேல் ஷாம்புவையோ சீயக்காயையோ பார்த்திருக்கும். துண்டு, சீப்பு, வெயில், தலையணை, நாற்காலியின் முதுகு எல்லாம் அதற்கு மேல்.

முடியின் மேற்பரப்பில் மெல்லிய செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடியிருக்கும். வேர்ப்பக்கத்தில் இப்படி ஐந்திலிருந்து பத்து அடுக்கு வரை இருக்கும். கீழே போகப் போக ஓரம் உடைந்து, ஒவ்வொரு அடுக்காகத் தேய்ந்துவிடும். மிகப் பழைய நுனியில் செதிலே இல்லாமல் உள்நார் வெளியே தெரியும். கையில் சொரசொரப்பாகப் படுவது அதுதான். இந்தச் செதில்களின் மேல் பிறவியிலேயே ஒரு கொழுப்புப் படலமும் உண்டு. புது முடி தண்ணீரை ஒட்டவிடாமல் வழுக்கிக்கொண்டு இருப்பதற்கு அதுதான் காரணம். வெயில், கலரிங், பிளீச், கடும் சோப்பு எல்லாம் அதைக் கரைத்துவிடும். போனால் திரும்பி வராது.

இன்னொன்று, தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் இவ்வளவு தூரம் இறங்கி வருவதில்லை. தலை பிசுபிசு, நுனி வறட்சி என்று ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது அதனால்தான்.

நுனியைப் பழையபடி ஆக்க முடியுமா?

முடியாது. தலைத்தோலுக்கு வெளியே உள்ள முடிக்கு உயிர் இல்லை, அது தானாக ஆறிக்கொள்ளாது. இரண்டாகப் பிளந்த நுனியை எந்தப் பாட்டிலும் நிரந்தரமாக ஒட்ட வைக்காது. 'ரிப்பேர்' என்று அட்டையில் போட்டிருப்பதற்குப் பெரும்பாலும் அடுத்த குளியல் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சு என்று அர்த்தம்.

ஆனால் மிருதுவாக்க முடியும். பிளவு இல்லாத, வெறும் வறட்சியும் சொரசொரப்பும் மட்டும் உள்ள நுனி என்றால் நன்றாகவே முடியும். தேய்மானத்தைக் குறைப்பது ஒரு வேலை, தேய்ந்த இடத்தில் வழவழப்பான ஒரு படலத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதற்கு மட்டும் பணம் செலவழிப்பவர்கள்தான் "எதைப் போட்டும் சரியாகலை" என்கிறார்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஷாம்பு போடும் விதத்திலிருந்து. முடி முழுவதையும் உச்சியில் குவித்து, நுரை வரும்வரை துணி துவைப்பதைப்போலக் கசக்குவது நம் வீடுகளில் சாதாரணம். நீண்ட முடிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அழுக்கும் எண்ணெயும் இருப்பது தலைத்தோலில். நுனியில் கசக்கிக் கழுவும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

முடியைப் பின்னால் நேராகத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, தலைத்தோலில் மட்டும் விட்டு, விரல் நுனிகளால் தேயுங்கள். அலசும்போது அந்த நுரை வழிந்து கீழே இறங்கும், நுனிக்கு அது போதும். ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து நேராக முடியில் கொட்டவே கூடாது.

எண்ணெய்க் குளியல் அன்றைக்கு மட்டும் நீளத்துக்கும் கொஞ்சம் தேவைப்படும். அன்றும் கசக்க வேண்டாம். கைகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழாக உருவிவிடுங்கள்.

சீயக்காய் போட்டால் முடி இன்னும் முரடாகிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டியதில்லை, கரைக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். சீயக்காயில் இருப்பது சபோனின் என்ற இயற்கை நுரைப் பொருள். எண்ணெயை அது நன்றாகவே எடுக்கும். கெட்டியாகக் குழைத்துப் போட்டால் தேவைக்கு மேலேயே எடுத்துவிடும். கூடவே சரியாகச் சலிக்காத தூளின் திப்பிகள் முடிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, சீப்பு போடும்போது உரசும்.

பழைய வழக்கத்தில் இதற்கு மாற்று இருந்தது. சீயக்காயைத் தண்ணீரில் கரைக்க மாட்டார்கள், சாதம் வடித்த கஞ்சியில் கரைப்பார்கள். எங்கள் பாட்டி வீட்டில் தலைக்குக் குளிக்கும் நாளில் வடிகஞ்சியைக் கீழே ஊற்றினால் திட்டு விழும். கஞ்சியின் மாவுச்சத்து முடிமேல் வழவழப்பாகப் படிந்து உரசலைக் குறைக்கிறது. இன்று குக்கரில் சாதம் வைக்கிறோம், கஞ்சி கிடைப்பதில்லை. அதனால் ஒரு நல்ல பாதி போய், முரட்டுப் பாதி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. வாரம் ஒரு நாளாவது சாதத்தை வடித்துப் பாருங்கள். வடித்த கஞ்சியை ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, அதில் நைசாகச் சலித்த சீயக்காயை நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள். குழம்பு பதத்தைவிடத் தண்ணியாக இருக்கட்டும்.

கொங்குப் பக்கம் அரப்பு போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த தூள்தான் அரப்பு. சீயக்காயைவிட இதமானது, அலசியபின் முடி வழுக்கிக்கொண்டு நிற்கும். நுனி வறண்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது அரப்பைத்தான். செம்பருத்தி இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்தால் வரும் கொழகொழப்பும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதற்கு அழுக்கெடுக்கும் சக்தி குறைவு. தலையில் எண்ணெய் அதிகம் இருந்தால் செம்பருத்தியை மட்டும் நம்ப முடியாது.

கண்டிஷனர் எப்படிப் போடுவது? எனக்கு அது பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது.

தலையில் போட்டால் பிசுபிசுக்கத்தான் செய்யும். காதுக்குக் கீழே ஆரம்பியுங்கள். பெரும்பங்கு கடைசி ஒரு சாணுக்குப் போகட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவு தானாகப் புரியும். தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம் இருக்கும். கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருளுக்கு நேர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால், எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் அதிகமாகப் படியும். அதாவது நுனியில். அதனால் அள்ளிப் பூச வேண்டியதில்லை, ஒவ்வொரு இழையிலும் படும்படி பரப்பினால் போதும்.

ஷாம்புவை அலசியபின் தண்ணீரை ஒரு முறை கையால் வழித்துவிடுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் கண்டிஷனர் வழிந்துவிடும். முடியை இரண்டு பக்கமாகப் பிரித்து முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு தேக்கரண்டி கண்டிஷனரை உள்ளங்கையில் பரப்பி நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். அப்புறம் விரல்களாலேயே சிக்கெடுங்கள். கை தடையில்லாமல் இறங்க ஆரம்பித்தால் படிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசலாம். முடி மிகவும் வறட்சி என்றால் நுனியை மட்டும் அரைகுறையாக அலசி, லேசான வழுக்கல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஷாம்புவுக்கு முன்பே நுனி ஒரு சாணுக்குக் கண்டிஷனர் தடவிவிட்டு, பிறகு தலைக்கு ஷாம்பு போடுங்கள். இறங்கி வரும் நுரை நுனியை நேரடியாகத் தாக்காது. விலை குறைந்த கண்டிஷனரே இதற்குப் போதும்.

அட்டையில் என்ன பார்த்து வாங்குவது? சிலிக்கோன் கெட்டதா?

பொருள் பட்டியலின் முன்பகுதியில் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு மாதிரிப் பெயர்களும், செட்டைல் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் போன்றவையும் இருந்தால் நல்ல கண்டிஷனர்தான். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை கொழுப்பு வகை, வறட்சி தராது.

டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் முடியைக் கெடுப்பதில்லை. மேலே மெல்லிய படலமாக உட்கார்ந்து உரசலைக் குறைக்கும், சூட்டிலிருந்தும் ஓரளவு காப்பாற்றும். நீண்ட முடிக்கு அது நல்ல துணை. பல நாள் சேர்ந்து கனமாகத் தெரிந்தால் ஒரு முறை நன்றாக ஷாம்பு போட்டால் போதும்.

எந்த எண்ணெய் நல்லது? எப்போது வைப்பது?

தேங்காய் எண்ணெய். சொந்த விருப்பத்தால் மட்டும் சொல்லவில்லை. 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் ரெலேவும் மொஹிலேவும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குளிப்பதற்கு முன் வைத்தாலும் பின் வைத்தாலும், முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழைந்துவிடும். மற்ற இரண்டும் மேலேயே நின்றுவிடுகின்றன.

உள்ளே நுழைவதால் என்ன லாபம்? முடி தண்ணீர் பட்டால் தடிமனில் சுமார் 15 சதவீதம் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு குளியலிலும் இப்படி ஊதிச் சுருங்கும்போது செதில்கள் தளர்கின்றன. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குடிப்பது குறையும். அதனால் தேங்காய் எண்ணெய்க்குச் சரியான நேரம் குளிப்பதற்கு முன்புதான். முதல் நாள் இரவோ, குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ நுனிக்கு வையுங்கள். செவ்வாய், வெள்ளி என்று கிழமை பார்த்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அப்படியே தொடருங்கள். மற்ற நாளில் தலைக்குக் குளித்தாலும் நுனிக்கு மட்டுமாவது எண்ணெய் வைத்துவிட்டுக் குளியுங்கள்.

குளித்தபின் வைப்பது வேறு கணக்கு. முடி முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது இரண்டு மூன்று சொட்டு மட்டும். உள்ளங்கை இரண்டையும் தேய்த்து, கையில் பளபளப்பு மட்டும் மிஞ்சும்படி பரப்பிக்கொண்டு, கடைசி ஒரு சாணை உருவிவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் தூசியும் புகையும் ஒட்டும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் ஈரப்பதம் தராது. காய்ந்து விறைத்த முடியில் எண்ணெய் ஊற்றிவிட்டு "இன்னும் வறட்சியா இருக்கே" என்பவர்கள் பலர். கண்டிஷனரும் தண்ணீரும் கொடுத்த மென்மையின் மேல் எண்ணெய் ஒரு மூடி மாதிரி நிற்கும், அவ்வளவுதான்.

நல்லெண்ணெய் தலைக்கு இதம், பிடித்தவர்கள் வைக்கலாம். விளக்கெண்ணெயைத் தனியாக நீண்ட முடிக்கு வைக்காதீர்கள். அதன் பிசுக்கில் முடி ஒன்றோடொன்று இறுகிச் சடைபிடித்து, வெட்டி எடுக்கும் அளவுக்குப் போன நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கலந்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அதனால்தான் இப்படி இருக்கிறதா?

இருக்கலாம். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு போட்டால் நுரைக்க அடம்பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் உண்டு என்றால் அது கடினநீர், கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் 200-ஐச் சுலபமாகத் தாண்டும்.

இந்த உப்புகள் முடியில் படியும். தேய்ந்த நுனியில் இன்னும் அதிகமாகப் படியும். வழக்கமான சோப்பைத் தலைக்குப் போடுபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத பிசுக்காக முடிமேல் ஒட்டிக்கொள்ளும். தலைக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம்.

வீடு முழுக்க மென்னீர்க் கருவி வைக்க எல்லோராலும் முடியாது. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று சொம்பு ஃபில்டர் தண்ணீரோ, மழைத் தண்ணீரோ, மெட்ரோ தண்ணீரோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அன்றைக்கே கையில் தெரியும். மாதம் ஓரிரு முறை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து நீளத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசலாம். எலுமிச்சைச் சாறை நேரடியாகப் பிழிந்துகொண்டு வெயிலில் போக வேண்டாம். நுனி செம்பட்டையாவது இன்னும் வேகமாகும்.

துண்டு, சீப்பு விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

இதை நிதானமாகவே சொல்ல வேண்டும். பாதிச் சேதம் குளியலறைக்கு வெளியே நடக்கிறது.

ஈர முடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது. இழுத்தால் நீளும், ஓர் அளவுக்கு மேல் போனால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த நேரத்தில்தான் நாம் தேங்காய்ப்பூத் துண்டால் முறுக்கிப் பிழிகிறோம், தலையைக் குனிந்து துண்டால் பட் பட்டென்று அடிக்கிறோம். அந்த அடி முழுவதையும் வாங்குவது நுனி. அதற்குப் பதில் பழைய பருத்தி வேட்டியோ, ஈரிழைத் துண்டோ எடுத்து, முடியை அதில் சுற்றிக் கையால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு சமையல் வேலைக்குப் போய்விடுவதும் நல்லதில்லை. நுனி மணிக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும்.

சீப்பை வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக் சீப்பின் பற்களுக்கு நடுவே அச்சு சேர்ந்த இடத்தில் கோடாக ஒரு முனை நிற்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய பட்டுத் துணியின்மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டினால் முடியும் மாட்டும், அந்தச் சீப்பு வேண்டாம். அகலப் பல் உள்ள மரச்சீப்பு நல்லது. மரம் என்றாலும் இழைப்பு சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள்.

சிக்கெடுப்பது எப்போதும் கீழிருந்து மேலே. கடைசி நாலு விரல் நீளத்தை முதலில். அதற்கு மேலே முடியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீவினால் வேருக்கு இழுப்பு போகாது. அங்கே சீப்பு தடையில்லாமல் ஓடியபின் இன்னும் நாலு விரல் மேலே. உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இறக்கினால் எல்லாச் சிக்கும் நுனியில் சேர்ந்து, கடைசியில் சீப்போடு அறுந்து வரும். அறுந்த இடம்தான் அடுத்த பிளவின் ஆரம்பம்.

ஹேர் டிரையர் போடலாமா?

அளவாகப் போடலாம். 2011-ல் கொரியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காயவைத்த முடிக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. நெருக்கிப் பிடிக்கப் பிடிக்கச் செதில் சேதம் கூடியது. முக்கால்வாசி காற்றில் காயவிட்டு மிச்சத்துக்கு டிரையரை மிதமான சூட்டில் வையுங்கள், நுனியைக் கடைசியாக.

ஸ்ட்ரைட்னரை ஈர முடியில் வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளேயே குமிழ் விடும், அந்த இடத்தில் முடி ஒடியும். சாம்பிராணிப் புகை காட்டுபவர்கள் நுனியைத் தணலுக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள்.

முட்டை, தயிர், வெந்தயம், கற்றாழை: எது வேலை செய்யும்?

வெந்தயம் வேலை செய்யும். இரவில் ஊறவைத்து அரைத்தால் வரும் கொழகொழப்பு முடிமேல் படலமாக நிற்கும். துணியில் பிழிந்து, அந்தச் சாறை மட்டும் நுனிக்குத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். விழுதாகவே போட்டால் துகள் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கற்றாழைச் சோறும் இதே வகை, காய்ந்தால் கொஞ்சம் விறைக்கும். தயிர் ஓரளவு.

முட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் புரத மூலக்கூறுகள் மிகப் பெரியவை, முடிக்குள் போகாது. சுடுதண்ணீர் பட்டால் தலையிலேயே வெந்துவிடும். வாழைப்பழம் வேண்டாம், நார் எடுக்க முடியாது.

மருதாணி போட்டபின் நுனி இன்னும் காய்கிறது. ஏன்?

மருதாணியின் சாயம் முடிப் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். முடி கெட்டிப்பட்டதுபோல ஆகும், அது சிலருக்குப் பிடிக்கும். ஏற்கனவே வறண்ட நுனிக்கு அது விறைப்பாகத் தெரியும். டீ டிகாக்ஷன், எலுமிச்சை எல்லாம் சேர்த்துக் கலக்கினால் இன்னும் கூடும். நரைக்காகப் போடுபவர்கள் வேர்ப்பக்கம் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நீளம் முழுக்கப் போட வேண்டிய தேவையே இல்லை. போடுவதற்கு முன் நுனிக்கு எண்ணெய் தடவிவிட்டால் வழிந்தாலும் அவ்வளவாகப் பிடிக்காது.

பின்னல் போட்டாலும் நுனி தேய்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

ரப்பர் பேண்டுக்குக் கீழே வால் மாதிரித் தொங்கும் அந்த ஐந்தாறு விரல் நீளத்தைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் நசுங்குகிறது, கைப்பையின் வாரில் மாட்டுகிறது, ஸ்கூட்டரில் போனால் காற்றில் அடித்துக்கொள்கிறது. மற்ற இடம் பின்னலுக்குள் பத்திரமாக இருக்க, அது மட்டும் நாள் முழுக்க வெளியே.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரெட்டை ஜடையை மடித்து ரிப்பன் கட்டிவிடுகிறோம் இல்லையா, அதில் நுனி மடிப்புக்குள் ஒளிந்துவிடுகிறது. அதைப் பெரியவர்களும் வீட்டில் செய்யலாம். முடிந்தவரை நுனிவரை பின்னி, வாலை மேல்நோக்கி மடித்து, துணி சுற்றிய பேண்டால் தளர்வாகக் கட்டுங்கள். வெறும் ரப்பர் வளையம் வேண்டாம். கழற்றும்போது அது பத்து முடியையாவது சேர்த்துப் பிய்க்கும். வண்டியில் போகும்போது பின்னலைச் சட்டைக்கோ துப்பட்டாவுக்கோ உள்ளே விடுங்கள்.

இரவில் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். தளர்வாக ஒரு பின்னல், அதைத் தலையணைக்கு மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சாட்டின் உறை கிடைத்தால் நல்லது, பழைய பட்டுப்புடவைத் துண்டைத் தலையணையில் விரித்தாலும் அதே பலன்.

நுனியை வெட்டாமலே சமாளிக்கலாமா?

பிளவு வந்துவிட்டால் முடியாது. பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும். இன்று அரை சென்டிமீட்டரில் முடியும் வேலை, ஆறு மாதம் கழித்து நாலு விரலைக் கேட்கும்.

நீளத்தை இழக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, பொறுமை வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். விரல் தடிமனுக்கு ஒரு கற்றையை எடுத்து நன்றாக முறுக்குங்கள். கெட்டுப்போன நுனிகள் முறுக்கிலிருந்து பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். மடியில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டாகப் பிரிந்தது, சின்ன வெள்ளைப் புள்ளி உள்ளது, இவற்றை மட்டும் பிளவுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பின்னல் தடிமன் அப்படியே இருக்கும், மொத்த நீளமும் போகாது.

கத்தரிக்கோல் முக்கியம். முடிக்கென்றே உள்ள கூர்மையான கத்தரி ஒன்றை வாங்கி, வேறு எதற்கும் தொடாமல் வையுங்கள். காகிதமும் பால் பாக்கெட்டும் வெட்டிய மொக்கைக் கத்தரி முடியை நசுக்கித்தான் அறுக்கும், நசுங்கிய இடம் மறுபடியும் பிளக்கும்.

இதோடு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டால் போதும். அந்த இடைவெளியில் முடி மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும், நீளம் குறையாது. பார்லரில் வெட்டினால் எவ்வளவு என்று வாயால் மட்டும் சொல்லாதீர்கள், விரலில் அளந்து காட்டுங்கள்.

பார்லரில் கெரட்டின், ஸ்மூத்தனிங் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நுனி வறட்சிக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஹேர் ஸ்பா என்பது நல்ல கண்டிஷனரும் ஆவியும் மஸாஜும் சேர்ந்தது. தீங்கில்லை, வீட்டிலும் செய்துகொள்ளலாம். ஆனால் ரசாயனம் தடவி, உயர்ந்த சூட்டில் இஸ்திரி போடும் சிகிச்சைகள் வேறு. சிலவற்றில் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகும், கண்ணும் தொண்டையும் எரியும். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமில வகைகளால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. என்ன பொருள் என்று பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்கினால்?

இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, நுனிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரைக் குடித்த முடி குளோரினையும் உப்புத் தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். வெளியே வந்ததும், காய்வதற்குள் அலசுங்கள்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

கண்டிஷனரும் நல்ல தண்ணீர் அலசலும் முதல் குளியலிலேயே தெரியும். தேய்மானம் நின்றதா என்று தெரிய மூன்று நாலு மாதம் ஆகும். புதுப் பிளவு வருவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சரியான அளவுகோல்.

சாப்பாட்டில் எதையாவது சேர்த்தால் நுனி மிருதுவாகுமா?

ஆகாது. முட்டை, பருப்பு, கீரை எல்லாம் வேரில் இன்று உருவாகும் முடிக்குப் போகும். அது இடுப்புக்கு இறங்கி வர ஐந்து வருடம். நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் நுனிக்கு அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

வறட்சி நுனியோடு நிற்காமல் வேர்ப்பக்கத்துப் புது முடியே முரடாக வருகிறது என்றால். கூடவே அசதி, உடல் எடை கூடுவது, குளிர் தாங்காமல் போவது, மலச்சிக்கல், மாதவிலக்கு மாற்றம் இருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரும்புச் சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளத்தில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, லேசாக இழுத்தாலே அந்த இடத்தில் ஒடிகிறது என்றாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது ஒடிந்த முடிகள் சிலவற்றை ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் அவர் பூதக்கண்ணாடியில் பார்க்க வசதியாக இருக்கும்.